உலகுக்கு ஒரே சேலை

சன்னலோர இருக்கையைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. எனக்குக் காற்று ஆகாது என்பதில்லை, கோட்டு கசங்கிவிடும். விருதுநகர் வெயிலில் இவனுக்குக் கோட்டு எதற்கு என்று நினைக்கிறீர்கள். நினைக்கலாம். நடத்துநரும் அப்படித்தான் பார்த்தார். இது பதவியோடு வந்தது, ஐயா. பதவி போய்விட்டது. கோட்டைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தாங்கள் எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். முன்பின் தெரியாதவரைத் துருவித் துருவிக் கேட்பது பண்பாகாது. நான் புளியங்குடிக்குப் போகிறேன். என் மனைவி செண்பகவல்லி அங்கே தாய்வீட்டில் இருக்கிறாள். ஆவணியில் போனவள். தீபாவளிக்கு இன்னும் ஆறே நாள். இன்றைக்கு அவள் என்னோடு திரும்பி வந்தாகவேண்டும். வராவிட்டால்... வருவாள். அதற்காகத்தான் மடியில் இந்தப் பையை வைத்திருக்கிறேன். இதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் விசிட்டிங் கார்டைப் பிடியுங்கள்.

படித்தீர்களா? ‘டி. எம். அப்பன், ஃபேஷன் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்.’ தங்கமாரியப்பன் என்ற பெயரைத்தான் அப்படி மடித்துவைத்தேன். துணிக்கடைக்காரனுக்கு மடிப்பது கைப்பழக்கம். பதவிப் பெயரின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறதே, அதைப் பொருட்படுத்தவேண்டாம். அது நிருவாகத்தின் கருத்து.

ஆவுடையம்மாள் பட்டு மாளிகையைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி. அவரிடம் ரவிக்கைத் துணிப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். அந்தப் பிரிவில் நாற்காலி கிடையாது. ஆனால் நின்றவன் சும்மா நிற்கவில்லை, உற்றுநோக்கினேன். மனைவிமார் நூறு சேலையைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தோடு வருகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் கணவன்மார் “கெளம்பு, கெளம்பு” என்கிறார்கள். வியாபாரம் அங்கேதான் கெடுகிறது. நான் அண்ணாச்சியிடம் போய், “அண்ணாச்சி, சேலையை விட்டுத்தள்ளுங்கள். கணவன்மாருக்குச் சாய்வு நாற்காலி போடுங்கள்” என்றேன்.

“ஏப்பா, நாம நடத்துறது ஜவுளிக்கடையா, சலூனாப்பா?” என்றார்.

போட்டுப் பார்த்தோம். பதினான்கு சாய்வு நாற்காலிகள், தலைக்கு மேல் மின்விசிறி, அன்றைய நாளிதழ், ஆளுக்கு ஒரு சுக்குக்காபி. கால் மணி நேரத்தில் பதினான்கு பேரும் உறங்கிப்போனார்கள். அம்மையார்கள் கடையை அள்ளினார்கள். ஒரு சிவகாசிக்காரரை அவருடைய வீட்டார் மறந்தே போய்விட்டார்கள், ஐயா! பைகளை மட்டும் சரிபார்த்துக்கொண்டு வண்டியேறியிருக்கிறார்கள். கடை அடைக்கும்போது அவரை எழுப்பி அனுப்பினோம். அவர் வருத்தப்படவில்லை. இப்படி நிம்மதியாக உறங்கி வெகுநாள் ஆகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே எனக்குப் பதவி. கார்டு, கோட்டு, தனியறை. அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பாதி அறையில்தான் நிமிர்ந்து நிற்கமுடியும். ஆனாலும் தனியறை. அண்ணாச்சி என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டு, “ஏ மார்க்கெட்டிங்கு!” என்று அழைக்கத் தொடங்கினார். மரியாதை என்பது அப்படித்தான் வரும்.

சிவகாசி வந்துவிட்டதா? இன்னும் நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

ஒருநாள் சாத்தூரிலிருந்து ஓர் அம்மையார் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கிழிசலா என்று கேட்டேன். இல்லை. சாயம் போயிற்றா? இல்லை. “எதுத்த வீட்டுக்காரி இதையே கட்டிக்கிட்டு வாசல்ல கோலம் போடுதா. இனி இதை நான் எப்படிங்க கட்டுவேன்?” என்றார். வேறொருவராக இருந்தால் சேலையை மாற்றிக் கொடுத்து அனுப்பியிருப்பார். நான் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சிந்தித்தேன். எழுந்தபோது தலையில் இடித்துக்கொண்டேன். அந்தக் கணத்தில்தான் எண்ணம் உதித்தது: ஒரு வடிவத்தில் ஒரே ஒரு சேலை!

அருப்புக்கோட்டையில் தறிக்காரரிடம் ஓடினேன். ஒரு வடிவத்துக்குத் தறி அட்டையில் துளை அடித்து, பாவு நூல் ஓட்டி, ஒரே சேலையோடு நிறுத்தினால் தமக்குக் கட்டுப்படியாகாது, குறைந்தது பதினெட்டு நெய்தாகவேண்டும் என்றார். வேறொருவராக இருந்தால் அங்கேயே திட்டத்தைக் கைவிட்டிருப்பார். நான் தென்மாவட்டங்களின் வரைபடத்தை விரித்தேன். சாத்தூர், கோவில்பட்டி, உசிலம்பட்டி, தேனி, போடி, பரமக்குடி... பதினெட்டு ஊர்கள். ஊருக்கு ஒன்று! சாத்தூர் அம்மையார் போடி வரை போய் யாருடைய சேலையைப் பார்க்கப்போகிறார்? சொல்லுங்கள். குறை காணமுடிகிறதா? முடியாது.

சேலையின் உடல் இலைப்பச்சை. கரை மாம்பழ மஞ்சள். முந்தானையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஓர் அன்னம். அன்னத்தை நானே வரைந்தேன். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “வாத்து நல்லாருக்கு” என்றார். அன்னம் என்றேன். “சரிப்பா, அன்னவாத்து” என்றார். முதலாளியோடு எவ்வளவு நேரம் வாதிடமுடியும்?

‘ஊருக்கு ஒரே சேலை’ என்று விளம்பரப் பலகை எழுதச் சொன்னேன். பலகை பெரிது. அதற்கு ‘ஊர்’ சிறியதாகத் தெரிந்தது. ‘உலகுக்கு ஒரே சேலை’ என்று மாற்றினேன். பலகை நிறைந்தது. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு சான்றிதழ்: ‘இவ்வடிவச் சேலை இவ்வுலகில் தங்களுக்கு மட்டுமே உரியது.’ கீழே என் கையொப்பம், கடை முத்திரை, வரிசை எண்.

ஆனி முடிவதற்குள் பதினேழும் விற்றுப்போயின. அரிசி ஆலை உரிமையாளரின் துணைவியார், நகராட்சி உறுப்பினர், பல் மருத்துவர் என்று எல்லாரும் தத்தம் ஊரில் பெரிய மனிதர்கள். பதினெட்டாவது விருதுநகருக்கு உரியது. அதை நான் விற்கவில்லை. செண்பகவல்லிக்குக் கொடுத்தேன். எங்கள் மணநாள் அன்று, சான்றிதழோடு.

“ஏங்க, நெசமாவே எனக்கு மட்டுந்தானா?” என்றாள்.

“உனக்கு மட்டும்தான்.”

கலியாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, ஐயா. சேலையைக்கூட விடுங்கள், அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அங்கே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போனார்.

இனி அண்ணாச்சி மகள் கலியாணம். ஆவணி முகூர்த்தம். அண்ணாச்சி நூறு முறை சொன்னார்: “மார்க்கெட்டிங்கு, யாவாரத்தையும் கலியாணத்தையும் கலக்காதப்பா.” நான்தான் விடவில்லை. நம் பதினேழு சிறப்பு வாடிக்கையாளரையும் அழைப்போம், முதல் வரிசையில் அமரச்செய்வோம், ஊரே பார்க்கட்டும் என்றேன். அழைப்பிதழோடு ஒரு கடிதமும் வைத்தேன்: ‘அன்புகூர்ந்து, உலகில் தங்களுக்கு மட்டுமே உரிய அந்தச் சேலையிலேயே வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்.’

ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் தரட்டுமா?

ஆம், தங்களுக்கு உடனே புலப்பட்டுவிட்டது. எனக்குப் புலப்படவில்லை. நான் வரவேற்பு வளைவின் அலங்காரத்தில் முழுமூச்சாக ஈடுபட்டிருந்தேன். அதுவுமன்றி, முகூர்த்தம் காலையில் வைத்தது என் பிழையா? மாலை வரவேற்பு என்றால் ஒருவர் வர, ஒருவர் போக, யாரும் யாரையும் பார்த்திருக்கமாட்டார்கள். சோதிடர் செய்த வேலை இது. ஆனால் அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சாத்தூர் அம்மையார் வந்து இறங்கினார். பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. கைகூப்பி வரவேற்றேன். அவர் தலைக்கு அப்பால் ஒரு கார் நின்றது. போடி அம்மையார் இறங்கினார். பச்சையும் மஞ்சளும். திட்டத்தில் ஒரு சிறு நடைமுறைச் சிக்கல் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பதறவில்லை, ஐயா. நிருவாகி பதறலாமா? “முதல் பந்தியே தங்களுக்காகத்தான் காத்திருக்கிறது” என்று சாத்தூரை உணவுக்கூடத்துக்குள் தள்ளினேன். “தங்களைப் பார்த்த பிறகுதான் மாலையைத் தொடுவேன் என்று மணமகள் அடம்பிடிக்கிறார்” என்று போடியை மணமகள் அறைக்கு அனுப்பினேன். கோவில்பட்டியை மணமகன் வீட்டார் அறையில், திருமங்கலத்தைக் கோலமாவு வைத்திருந்த அறையில், உசிலம்பட்டியை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். “இது முக்கியப் பிரமுகர்களுக்கான அறை. ஓசை சற்று இருக்கும்” என்றேன். “என்னது?” என்றார். “ஓசை!” என்றேன். தேனி அம்மையாருக்கு வாழைக்காய்க் குவியலுக்கு எதிரே நாற்காலி போட்டேன். பரமக்குடியும் மானாமதுரையும் ஒரே பேருந்தில் முன்னும் பின்னுமாக இறங்கினார்கள். இருவருக்கும் நடுவே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒருவரை மாடிக்கும் ஒருவரைக் கார் நிறுத்துமிடத்துக்கும் அழைத்துச் சென்றேன். மழையில்லாத நாளில் குடை எதற்கு என்று இருவருமே கேட்கவில்லை. கோட்டுப் போட்டவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

எட்டரை மணிக்குப் பதினேழு பேரும் பதினேழு இடங்களில் இருந்தார்கள். செண்பகவல்லி மேல்மாடியில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்துப் பதினெட்டு. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை! அவ்வளவு பெரிய சாதனை, பாராட்ட ஓர் ஆள் இல்லை. நடு மண்டபத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஐயா, என் வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

அப்போது கெட்டிமேளம் கொட்டினார்கள்.

கெட்டிமேளத்தை நான் மறந்துவிட்டேன், ஐயா! அது கொட்டியதும் எங்கே இருந்தாலும் எழுந்து வந்து அட்சதை தூவாமல் இருப்பவர் நம் பக்கத்தில் உண்டா? எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. உணவுக்கூடத்திலிருந்து ஒன்று, மாடியிலிருந்து இரண்டு, வாழைக்காய்ப் பக்கத்திலிருந்து ஒன்று, கோலமாவு அப்பிய முந்தானையோடு ஒன்று. பதினெட்டும் கையில் அட்சதையோடு மணமேடைக்கு முன்னால் வந்து நின்றன. எல்லார் கண்ணும் தாலியிலேயே இருந்தது. அதுவரைக்கும்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வீடியோ எடுத்தவர்தான் கெடுத்தார்.

“வாத்து போட்ட பச்சைச் சேலை அம்மா! கொஞ்சம் நகருங்கம்மா, தாலி மறைக்குது!”

பதினெட்டுப் பேரும் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தார்கள்.

நகர்ந்த பிறகு தலையைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இதென்னடியம்மா, பள்ளிக்கூடத்து யூனிஃபார்மா?” என்றார் சாத்தூர்.

“எம் பொண்ணு கேட்டுக்கூடக் குடுக்காம பீரோவுல பூட்டி வச்சிருந்தேனே!” என்றார் போடி.

“உங்களுக்கும் சர்ட்டிபிகேட் குடுத்தானா? யாரு, அந்தக் கோட்டுக்காரனா?”

நடுவில் ஒரு கணவர் பின்னாலிருந்து கோவில்பட்டி அம்மையாரின் தோளைத் தட்டி, “ஏட்டி, வீட்டுச் சாவிய எங்க வச்ச?” என்றார். அவர் பரமக்குடிக்காரர். நிலைமை அதனால் மேலும் சீர்கெட்டது.

உசிலம்பட்டி அம்மையார்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்ததால் அவருக்குக் காது அடைத்திருந்ததே தவிர, கண் நன்றாகத் தெரிந்தது. அட்சதை என்மேல் வந்து விழுந்தது. பிறகு மற்றப் பதினாறு கை அட்சதையும் விழுந்தது. மஞ்சளரிசி வலிக்காது என்று தாங்கள் எண்ணக்கூடும். எறிபவரைப் பொறுத்தது, ஐயா. கோட்டுப் பையிலிருந்து இப்போதும் இரண்டொரு மணி உதிர்கிறது, பாருங்கள்.

பதினெட்டுப் பேரில் ஒருவருடைய அட்சதைதான் மணமக்கள்மேல் விழுந்தது. அது செண்பகவல்லியுடையது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நிதானமாகத் தூவி, கும்பிட்டுவிட்டு, தாம்பூலப் பைகளை ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய பண்பு அத்தகையது.

அண்ணாச்சி கண்கலங்கி நின்றார். பெண்ணைப் பெற்றவர், அப்படித்தான் இருக்கும் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். “மார்க்கெட்டிங்கு, எங்கண்ணு முன்னால நிக்காதப்பா. உம் மூளையக் கழட்டிப் பொம்மைக்கு மாட்டுனா அது எந்திரிச்சி ஓடிப்போயிரும்” என்றார். மறுநாள் நிருவாகம் என் பொறுப்புகளைச் சீரமைத்தது. தற்போது கீழ்த்தளத்தில் லைனிங் துணிப் பிரிவில் இருக்கிறேன். அங்கும் நாற்காலி கிடையாது.

அதுகூடப் பெரிதில்லை, ஐயா. வீட்டுக்குப் போனேன் பாருங்கள். செண்பகவல்லி சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள்.

“இதுல எம் பேரு எங்க இருக்கு?”

“பெயர் எதற்கு? எண் இருக்கிறதே. பதினெட்டு.”

“பதினெட்டுன்னா எனக்கு முன்னால பதினேழு பேரு. நீங்க சொல்லவே இல்லையே.”

“செண்பகம், சந்தைப்படுத்தல் துறையில்...”

“நான் என்ன உங்க கஸ்டமரா?”

கேட்டுவிட்டு அவள் சேலையை மடிக்கத் தொடங்கினாள். கரை உட்பக்கம் போய்விட்டது. வாங்கி நான் சரியாக மடித்துக் கொடுத்தேன். அது அதற்குரிய நேரம் அன்று என்பது பிறகுதான் தோன்றியது. கொடுத்ததை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு புளியங்குடிப் பேருந்தில் ஏறிவிட்டாள்.

இன்னொன்று கேளுங்கள். அந்தப் பதினேழு அம்மையார்களும் இப்போது செண்பகவல்லிக்குத் தோழிகள்! வாட்ஸ்அப்பில் குழு வைத்திருக்கிறார்கள். பெயர் ‘பதினெட்டு வாத்துகள்’. அன்னம் என்று ஒருவருக்காவது தோன்றவில்லை. போன மாதம் எல்லாரும் சேர்ந்து குற்றாலம் போனார்களாம், எல்லாரும் ஒரே நிறச் சேலையில். எங்கள் எதிர்க்கடையில் வாங்கியது. அந்தக் கடையில் இப்போது பலகையே வைத்துவிட்டார்கள்: ‘தோழியர் அனைவருக்கும் ஒரே சேலை.’ மூல எண்ணம் யாருடையது, ஐயா? யாருடையது? பதினேழு பேரோடும் அவள் நாள்தோறும் பேசுகிறாள். என் அழைப்பை மட்டும் எடுப்பதில்லை.

வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டோம். இனிப் பையைத் திறக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலுக்குக் கடைக்கு வந்தவள், ஊதா நிறச் சுங்குடிச் சேலை ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இது நல்லாருக்குங்க” என்றாள். “அது சந்தையில் நகராது” என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டு மாதமும் லைனிங் துணிக்கு நடுவில் நின்றபடி அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் போய் வாங்கினேன். எங்கள் கடையில் வாங்கவில்லை, எதிர்க்கடையில். கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். சான்றிதழ் இல்லை, எண் இல்லை, அன்னம் இல்லை. வெறும் புள்ளி. அவள் விரும்பியது, அவளுக்கு மட்டும். என்ன சொல்கிறீர்கள்? நல்லது, தாங்களே தலையாட்டுகிறீர்கள். வந்துவிடுவாள் அல்லவா?

இதோ, இது அவளுக்கு. இது என் மாமியாருக்கு.

ஆமாம், அதே சேலைதான். அதே ஊதா. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். தாயும் மகளும் தீபாவளி அன்று சேர்ந்தாற்போல...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஐயா, ஏன் நெற்றியில் கைவைத்துக்கொள்கிறீர்கள்?

...

ஐயையோ.

நல்லவேளை. தெய்வம்தான் தங்களை இந்த இருக்கையில் அமர்த்தியிருக்கிறது. ஊர் வந்துவிட்டது, எலுமிச்சை மண்டி தெரிகிறது, நேரமில்லை. இந்த இன்னொரு சேலையைப் பிடியுங்கள். மறுக்கக்கூடாது. தங்கள் மனைவியாருக்கு என் தீபாவளிப் பரிசு. மாமியாருக்கு நான் பழம் வாங்கிக்கொள்கிறேன். கைம்மாறு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் இதை எந்த ஊரில் வேண்டுமானாலும் உடுத்திக்கொள்ளட்டும், புளியங்குடியில் மட்டும் வேண்டாம். ஊருக்கு ஒன்று. அவ்வளவுதான். வருகிறேன், ஐயா.

என்ன, தாங்களும் எழுந்திருக்கிறீர்கள்? தாங்களும் இங்கேதானா?

எந்தத் தெரு?